கைக்குழந்தையும் கிறித்தவ நம்பிக்கையும்: ஓர் அறவியல் நோக்கு

முன்னுரை

இறையரசில் புக விரும்புவோர் குழந்தைகளைப் போல் ஆதல் வேண்டும் என்னும் கருத்து நற்செய்தி நூல்களில் இடம்பெறுகிறது. இதற்குப் பெரும்பாலும் தரப்படும் விளக்கம் ஒன்றே. குழந்தை கள்ளம் அறியாதது. ஆகவே நம்புவோரும் கள்ளமற்றவராதல் வேண்டும் என்பது அவ்விளக்கம். தொலைவில் நின்று குழந்தையைக் காண்போர்க்கு இது போதுமானதாகத் தோன்றலாம். ஆனால், இரவும் பகலும் குழந்தையைப் பேணுவோரின் பட்டறிவு வேறொன்றை உணர்த்துகிறது. சிறு குழந்தைகளைப் பேணுவதிலிருந்து கிறித்தவ நம்பிக்கையைப் பற்றி அறியத்தக்கது யாது? அவ்வாறு அறிந்துகொள்வதற்கு அறவியல் எல்லை ஏதும் உண்டா? இவ்விரு வினாக்களையும் இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

சொல்லும் பொருளும்

தமிழ்க் கிறித்தவ வழக்கில் இப்பொருள் குறித்த சொல்லாட்சியே சிந்தனைக்குரியது. பழைய மொழிபெயர்ப்புகளில் ‘விசுவாசம்’ எனப்பட்டது, 1995இல் வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பில் ‘நம்பிக்கை’ ஆயிற்று. பழைய மொழிபெயர்ப்பில் ‘நம்பிக்கை’ எனப்பட்டது புதியதில் ‘எதிர்நோக்கு’ ஆயிற்று. ‘விசுவாசம்’ என்பது நெடுங்காலச் சமய வழக்கால் கோட்பாட்டை ஏற்றுக்கொள்ளுதல் என்னும் பொருளை நோக்கி நகர்ந்துவிட்டது. ‘நம்பிக்கை’ என்னும் சொல்லோ, சமய எல்லைக்கு அப்பால், ஒருவர் மற்றொருவர் மீது வைக்கும் உறவையும் குறிக்கிறது. கோட்பாடுகளை அறிந்து ஏற்பது கைக்குழந்தைக்கு இயலாது. தன்னைத் தாங்கும் கையை நம்புவது இயலும். குழந்தையிடமிருந்து நம்பிக்கையைக் கற்க இயலுமானால் அது இப்பொருளில்தான் இயலும்.

களங்கமின்மை என்னும் விளக்கம்

குழந்தை குற்றமற்றது என்னும் கருத்தைக் கிறித்தவ மரபே முழுமையாக ஏற்றுக்கொண்டதில்லை. நான்காம் நூற்றாண்டின் இறுதியில் தம் வாழ்க்கையை அறிக்கையிடத் தொடங்கிய அகுஸ்தீனார், தன்னுடன் பால் அருந்தும் மற்றொரு குழந்தையைப் பொறாமையால் முகம் வெளுத்து நோக்கிய ஒரு குழந்தையைக் குறிப்பிடுகிறார். ஒரே மடியில் இரு குழந்தைகளை வைத்து வளர்த்தோர் இதனை மறுக்கமாட்டார். குழந்தை பிடிவாதம் கொள்கிறது, பறிக்கிறது, அடிக்கிறது, தன் பசி ஒன்றையே அறிகிறது. இத்தன்மைகளுக்காக அதனை யாரும் முன்மாதிரியாகக் கொள்ளார்.

லூக்கா நற்செய்தியின் சொல்லாட்சி இங்குத் துணைசெய்கிறது. இயேசுவிடம் கொண்டுவரப்பட்டோரை மத்தேயுவும் மாற்கும் சிறுபிள்ளைகள் எனப் பொதுவாகச் சுட்ட, லூக்கா கைக்குழந்தையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லை ஆள்கிறார். அவர்கள் தாமாக நடந்து வந்தவர்கள் அல்லர், தூக்கிவரப்பட்டவர்கள். சீடர்கள் தடுத்தபோது தமக்காக வாதிடவும் அறியாதவர்கள். இறையரசு இத்தகையோர்க்கு உரியது என்றால், அஃது அவர்தம் குணத்திற்குக் கிடைத்த பரிசாக இருத்தல் இயலாது. காட்டுவதற்குத் தகுதி ஏதும் இல்லாமல், பெற்றுக்கொள்ளுதல் ஒன்றையே அறிந்திருக்கும் நிலையே அங்குச் சுட்டப்படுகிறது. ஆகவே குழந்தையிடம் கற்கவேண்டுவது களங்கமின்மை அன்று, சார்ந்திருத்தல் எனலாம்.

பால்மறத்தல்

சார்ந்திருத்தல் என்பதும் ஒரே நிலையில் நிற்பதன்று. 131ஆம் திருப்பாடலைப் பாடியவர் தம் உள்ளத்தைத் தாயிடம் இருக்கும் பால்மறந்த குழந்தைக்கு ஒப்பிடுகிறார். பாலுண்ணும் குழந்தைக்கு ஒப்பிடவில்லை. பழங்கால யூதரிடையே தாய்மார் நெடுங்காலம் பாலூட்டினர். மூன்றாண்டுகள் பாலூட்டிய தாய் ஒருத்தியை இரண்டாம் மக்கபேயர் நூல் காட்டுகிறது. ஆகவே பால்மறந்த குழந்தை என்பது இழப்பை உணரும் வயதை எட்டிய குழந்தையே ஆகும்.

மார்பில் வேம்பின் கசப்பைத் தடவிப் பால் மறக்கச் செய்யும் வழக்கம் தமிழகத்தில் உண்டு. அந்நாட்களில் குழந்தை யாரால் மறுக்கப்படுகிறதோ அவளையே பற்றிக்கொண்டு அழுகிறது. கொடுத்த கையே மறுக்கிறது. மறுத்த கையே அணைக்கிறது. சில நாட்களில் குழந்தை மீண்டும் தாயின் மடிக்கு வருகிறது. முன்பு பாலுக்காக வந்தது, இப்போது தாய்க்காக வருகிறது. வேண்டியது கிடைக்காதபோதும் கொடுப்பவரைவிட்டு நீங்காத இந்நிலையையே முதிர்ந்த நம்பிக்கை எனத் திருப்பாடல் காட்டுகிறது. பேணுபவர் அறியும் மற்றொன்றும் உண்டு. மறுக்கும் தாய்க்கும் அது நோவாகும்.

உளவியலறிஞர் எரிக் எரிக்சன் 1950இல் வெளியிட்ட ‘குழந்தைப்பருவமும் சமூகமும்’ என்னும் பொருள்படும் நூலில், மனித வளர்ச்சியின் முதற்படியாக அடிப்படை நம்பிக்கையைக் குறிப்பிட்டார். பசித்தபோது ஊட்டுதல், அழுதபோது வருதல் எனப் பிறர் மீண்டும் மீண்டும் செய்யும் செயல்களால் அது குழந்தையிடம் உருவாகிறது. நம்புபவரின் நம்பிக்கை, நம்பப்படுபவரின் உண்மையிலிருந்தே பிறக்கிறது என்பது இதனால் பெறப்படும்.

பேணுவோரின் நம்பிக்கை

இதுவரை குழந்தையின் நிலையிலிருந்து நோக்கினோம். பேணுவோர் நிலையிலிருந்து நோக்கின் பொருள் மேலும் விரிகிறது. தமிழ் இலக்கியம் இதற்கு ஒரு சிறந்த சான்றைத் தருகிறது. வீரமாமுனிவர் (1680–1747) இயற்றிய தேம்பாவணி 36 படலங்களும் 3,615 பாடல்களும் கொண்ட பெருங்காப்பியம். அதன் தலைவன் அரசனோ போர்வீரனோ அல்லன். இயேசுவை வளர்த்த சூசையாகிய வளன். தான் பெறாத குழந்தையைப் பேணிக் காத்ததே அவன் பெருமை. நற்செய்தி நூல்களில் சூசை பேசியதாக ஒரு சொல்லும் இல்லை. இரவில் எழுந்து குழந்தையையும் தாயையும் அழைத்துக்கொண்டு எகிப்துக்குச் செல்லுதல் போன்ற செயல்களே பேசப்படுகின்றன. அவன் நம்பிக்கை அறிக்கையாக வெளிப்படாமல் காவலாக வெளிப்படுகிறது.

பிள்ளைத்தமிழை அறிந்த தமிழுள்ளத்திற்கு இது புதிதன்று. காப்புப் பருவத்தில் புலவர், உலகைக் காக்கும் தெய்வத்தையே குழந்தையாகக் கொண்டு, அதற்குக் காவல் வேண்டுகிறார். கிறித்தவப் புலவர்களும் இவ்வகைமையைக் கையாண்டுள்ளனர். இறைவன் மனிதரின் பேணுதலுக்கு உட்பட்டான் என்னும் கிறித்தவக் கருத்தைத் தமிழ் மரபு தன் யாப்பிலேயே ஏற்கும் ஆற்றல் பெற்றிருந்தது.

வரலாற்றுச் சான்றாகத் தோனாவூரைச் சுட்டலாம். அயர்லாந்தில் பிறந்த ஏமி கார்மைக்கேல் (1867–1951) 1895இல் இந்தியா வந்தார். ஊர்தோறும் சென்று நற்செய்தி அறிவிப்பதே அவர் மேற்கொண்ட பணி. கோவிலுக்கு நேர்ந்துவிடப்படும் நிலையிலிருந்த சிறுமி ஒருத்தி 1901இல் அவரிடம் அடைக்கலம் புகுந்தாள். அதன்பின் குழந்தைகளைப் பேணுவதே அவர் வாழ்க்கை ஆயிற்று. கோவிலுக்குப் பெண்களை நேர்ந்துவிடுவதைத் தடுக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947இல்தான் வந்தது. கைக்குழந்தைகளுக்கு ஊட்டுவதும் அவர்தம் துணிகளைத் துவைப்பதும் நற்செய்திப் பணி ஆகுமா என்னும் ஐயம் அன்று அருட்பணியாளரிடையே எழுந்தது. சீடரின் கால்களைக் கழுவத் துண்டை எடுத்துக் கட்டிக்கொண்ட இயேசுவின் செயலில் ஏமி கார்மைக்கேல் அதற்கு விடை கண்டார். அவருடன் பணியாற்றிய பொன்னம்மாள் என்னும் தமிழ்ப் பெண், நெய்யூரில் இருந்த கைக்குழந்தைகள் இல்லத்தைப் பொறுப்பேற்று நடத்தி 1915இல் மறைந்தார். அயல்நாட்டார் எழுதிய வரலாறுகளில் அவர் பெயர் பின்னுக்குத் தள்ளப்படினும், இரவுகளில் விழித்திருந்த கைகளுள் அவருடையவை முதன்மையானவை.

நன்றி எதிர்பாராமல், பயன் காணும் நாள் அறியாமல், ஒரே செயலை நாள்தோறும் செய்வதே குழந்தை பேணல். அளவற்ற பொறுமை என இறைவனைப் பற்றிப் பேசப்படுவதன் பொருளைப் பேணுவோர் தம் களைப்பின் வழியாகவே அறிகின்றனர்.

பாடத்தின் எல்லை

எனினும் இங்கு இரு தடைகளை எழுப்புதல் வேண்டும். முதலாவது, குழந்தையின் இறப்பு. தாய்ப்பாலுக்கு ஏற்ற மாற்று கிடைத்தற்கரிய அக்காலத்தில் தோனாவூருக்கு வந்த கைக்குழந்தைகளுள் சில இறந்தன. பால்மறத்தல் என்னும் உவமை அங்குச் செல்லாது. பால்மறந்த குழந்தை வளர்கிறது. இறந்த குழந்தை வளர்வதில்லை. எல்லாத் துன்பத்தையும் இறைவன் தரும் பயிற்சி என விளக்குவோர், பெரியவர் ஒருவரின் தேர்ச்சிக்காகக் குழந்தை ஒன்று இறந்தது என்று கூறும் நிலைக்குத் தள்ளப்படுகின்றனர். அத்தகைய விளக்கத்தைவிட விளக்கமின்றி அழுதல் மேலானது. யோபு நூலின் நண்பர்களும் வாய்திறவாது உடனமர்ந்த ஏழு நாட்களில்தான் நண்பர்களாக விளங்கினர்.

இரண்டாவது, குழந்தை ஒரு கருவியாக்கப்படும் அச்சம். பேணுவோரின் சமய அனுபவத்திற்கோ சமயத்தின் எண்ணிக்கைக்கோ குழந்தை பயன்பட வேண்டும் என்னும் நோக்கம் மேலோங்கினால், பேணுதல் தன் இயல்பை இழக்கிறது. தோனாவூரில் கைக்குழந்தைகளாக வந்தோர் கிறித்தவர்களாகவே வளர்க்கப்பட்டனர். அவர்களைக் காத்ததும் அவர்களுக்கு ஒரு சமயத்தை அளித்ததும் ஒரே கைகள் என்பதால், இவ்வினா அங்கு எளிதில் தீர்வதில்லை. இல்லையெனில் அக்குழந்தைகளின் நிலை யாதாயிருக்கும் என்பதையும் மறத்தலாகாது. இரண்டையும் ஒருங்கே கருதுவதே நேர்மை.

சிறியோர்க்கு இடறலாவோரைப் பற்றி இயேசு கூறிய எச்சரிக்கை, கழுத்தில் எந்திரக்கல் கட்டிக் கடலில் அமிழ்த்தப்படுதலே அவர்களுக்கு நலம் என்னும் அளவுக்குக் கடுமையானது. குழந்தையின் நம்பிக்கை தன்னைக் காத்துக்கொள்ள அறியாத நம்பிக்கை. திருச்சபையின் இல்லங்களிலும் விடுதிகளிலும் அது சிதைக்கப்படும்போது சிதைவது ஒரு குழந்தையின் வாழ்வு மட்டுமன்று. இறைவனை நம்புதல் என்னும் சொல்லுக்கு அக்குழந்தையின் உள்ளத்தில் பொருளே இல்லாமற் போகிறது. நிறுவனத்தின் நற்பெயரைக் காக்க அதனை மறைப்போர், தாம் அறிவிக்கும் நம்பிக்கையையே மறுப்பவராவர்.

முடிவுரை

கைக்குழந்தை நம்பிக்கையின் பாடநூலாக அமையப் பிறந்ததன்று. அது பேணப்பட வேண்டிய உயிர். அதனைக் கற்பதற்குரிய பொருளாகக் கொள்வோர் சிறிதே கற்பர். அதன்பொருட்டே அதனைப் பேணுவோர், கற்க எண்ணாமலே கற்பர். தகுதியின்றிப் பெறுதல், மறுக்கப்பட்டும் நீங்காதிருத்தல் என்னும் இரண்டும் குழந்தையின் நிலையிலிருந்து பெறப்படுவன. பிறர் நம்புதற்குரியவராக நாள்தோறும் இருத்தல் என்னும் மூன்றாவது பேணுவோர்க்கே உரியது. நம்பிக்கை உண்டா எனத் தம்மைத் தாமே ஆராயும் கிறித்தவர், தம்மை நம்பி இருக்கும் சிறியோர்க்குத் தாம் எத்தகையவராய் இருக்கிறோம் என்பதை முதலில் ஆராய்தல் தகும்.