ஓதச் சுவரை மூடாதீர்கள்

திருப்பாலைக்குடியில் கல்யாணத்துக்கோ பெருநாளுக்கோ வீட்டை அழகு பண்ணக் கிளம்பியிருக்கும் தம்பி, தங்கச்சிகளே, வால்பேப்பர் ரோலைப் பிரிக்குமுன் சுவரில் கை வைத்துப் பாருங்கள். தரையோரம் பெயின்ட் பொரிந்து, விரலில் வெள்ளையாக மாவு ஒட்டுகிறதா? அது உப்பு. அந்தச் சுவரில் இன்றைக்குப் பேப்பர் ஒட்டாதீர்கள். நாளைக்கும் வேண்டாம்.

நம்முடையது உப்பளத்து மண். நிலத்தில் ஊறிய உப்புத்தண்ணீர் அஸ்திவாரம் வழியாகச் செங்கல்லில் ஏறுகிறது. தண்ணீர் காய்ந்துபோக, உப்பு பூச்சிலேயே தங்கிவிடுகிறது. காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே நீரை இழுத்துக் கசியும். அளத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில் அதேதான் உங்கள் சுவருக்குள் நடக்கிறது. அதன்மேல் பிவிசி பேப்பரை ஒட்டினால் ஈரத்துக்குப் போக்கிடம் ஏது? பசை இளகும், ஓரம் சுருளும், பின்னால் கறுப்பாகப் பூஞ்சணம் படரும். அந்தச் சுவரோரம்தான் வீசிங் உள்ள பிள்ளையைப் படுக்க வைக்கிறோம்.

19-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் ஆர்செனிக் கலந்த பச்சை வால்பேப்பர் வீடு வீடாக ஒட்டப்பட்டது. பூஞ்சணம் அந்தப் பச்சையிலிருந்து நச்சு வாயுவைக் கிளப்பும் என்று இத்தாலியரான கோசியோ சோதித்துக் காட்டினார். இன்றைய பேப்பரில் ஆர்செனிக் இல்லை, பூஞ்சணம் இருக்கிறது.

வாடகைக்கு விடுமுன் ஓதத்தை மறைக்கப் பேப்பர் ஒட்டுகிறவர்களே, அது ஏமாற்று வேலை. அட்வான்ஸை வாங்குமுன் சுவரைக் காட்டுங்கள்.

சந்தேகம் இருந்தால் இரண்டடிச் சதுரமாகப் பாலித்தீன் தாளை வெட்டி, நான்கு ஓரமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி, இரண்டு நாள் விடுங்கள். தாளின் உட்பக்கம் வியர்த்திருந்தால் ஈரம் சுவரில் இருக்கிறது. குளியலறைக் குழாயா, மாடி ஒழுகலா, தரையிலிருந்து ஏறுவதா என்று கொத்தனாரை வைத்துக் கண்டுபிடியுங்கள். கெட்ட பூச்சைச் செங்கல் தெரியக் கொத்தி எடுங்கள். பூத்த உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்துத் தள்ளுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் கரைந்து மறுபடி உள்ளேயே போகும். தயவுசெய்து கடல் மணலில் பூசாதீர்கள், அது உப்பை நீங்களே விலை கொடுக்காமல் வாங்கி வைப்பது. தரை ஓதம் நிற்காத சுவருக்குப் பேப்பரே வேண்டாம், சுண்ணாம்பு அடியுங்கள். ஈரம் அதன் வழியாக வெளியேறும். ராமநாதபுரம் இராமலிங்க விலாச அரண்மனையில் சேதுபதி மன்னர்கள் காலத்து ஓவியங்களைத் தாங்குவதும் சுண்ணாம்புப் பூச்சுதான்.

சுவர் காய்ந்துவிட்டதா? பட்டி பார்த்து, பிரைமர் அடித்து, பிறகு ஒட்டுங்கள். மூலையை நம்பி முதல் தாளை ஒட்டாதீர்கள். எந்த வீட்டு மூலையும் நேராக இருப்பதில்லை. தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுப் பென்சிலால் கோடு போடுங்கள். முதல் தாள் ஒரு நூல் சாய்ந்தாலும் கடைசித் தாளில் பூவெல்லாம் சரிந்து நிற்கும். மேலும் கீழும் இரண்டு அங்குலம் கூடுதலாக விட்டு, பக்கத்துத் தாளோடு பூவைப் பொருத்திப் பார்த்த பிறகே வெட்டுங்கள். நடுவிலிருந்து ஓரத்துக்குத் தடவிக் காற்றை வெளியேற்றுங்கள். பிளேடு மழுங்கினால் தாள் கிழியும், உடனே மாற்றுங்கள். சுவிட்ச் பாக்ஸைச் சுற்றி வெட்டும்போது மெயினை அணைக்காமல் கை வைக்கவே கூடாது.

கல்யாணம் அடுத்த வாரம் என்றால் சுண்ணாம்பு அடித்தே நடத்துங்கள். கோடையில் சுவர் காயட்டும், அப்புறம் ஒட்டலாம். அதுவரை ரோலை ஈரம் படாமல் பரணில் வையுங்கள்.