கூட்டின் வாயிலும் கொல்லாமையும்

ஓருயிருக்கு இடம் தரும்போது மற்றோருயிரை விலக்க நேரிட்டால், அவ்விலக்கு ஹிம்சை ஆகுமா? சிட்டுக்குருவிக்குக் கூடு அமைக்கும் இல்லங்களில் இன்று இவ்வினா எழுகின்றது.

எங்கள் ராசிபுரத்தில் ஓட்டு வீடுகள் நிறைந்திருந்த நாளில், விட்டத்து இடுக்குகளில் குருவிகள் யாரையும் கேளாமலே குடியிருந்தன. காங்கிரீட் கூரைகள் பெருகியபின் அவ்விடுக்குகள் அருகின. அக்குறையை ஈடுசெய்ய அன்பர்கள் சிலர் மரப்பெட்டிகளை மாட்டுகின்றனர். பெட்டியின் வாயில் அகன்றிருந்தால் மைனா புகுந்துகொள்கிறது. குருவியின் முட்டைகளை வெளியே தள்ளிவிடுவதும் உண்டு. அது கண்டு இரங்குவோர், மைனாவின் கூட்டைக் குச்சியால் கலைத்துவிட்டுக் கருணை செய்ததாக எண்ணுகின்றனர்.

இத்தகைய சிக்கல் அமெரிக்காவிலும் உண்டு. அங்கே பர்ப்பிள் மார்ட்டின் எனப்படும் ஊதாநிறத் தகைவிலான், நாட்டின் கிழக்குப் பகுதியில் ஏறக்குறைய முழுவதும் மனிதர் அமைக்கும் கூடுகளையே நம்பி இனம் பெருக்குகின்றது. 1890ஆம் ஆண்டில் ஐரோப்பாவிலிருந்து கொணரப்பட்ட ஏறத்தாழ 60 ஸ்டார்லிங் பறவைகள் நியூயார்க்கில் பறக்கவிடப்பட்டன. மைனாவின் குடும்பத்தைச் சேர்ந்த அப்பறவை பின்னர் நாடெங்கும் பரவி, இக்கூடுகளையும் கைப்பற்றலாயிற்று. அதனைப் பொறியிட்டுக் கொல்வோர் அங்கு உளர். வேறு சிலரோ, கூட்டின் வாயிலைப் பிறை வடிவில், ஏறத்தாழ 30 மில்லிமீட்டர் உயரமே இருக்கும்படி அமைக்கின்றனர். தகைவிலான் உடலைத் தாழ்த்தி நுழைந்துவிடும். ஸ்டார்லிங் பெரும்பாலும் நுழைய இயலாது. ஒருவரையும் கொல்லாமலே காரியம் நிறைவேறுகின்றது.

ஆயினும் ஓர் ஐயம் எழலாம். அஹிம்சாணுவிரதத்தின் ஐந்து அதிசாரங்களுள் அன்னபான நிரோதமும் ஒன்று. உணவும் நீரும் மறுத்தல் குற்றமாயின், இருப்பிடம் மறுத்தல் மட்டும் எங்ஙனம் பொருந்தும்? அவ்வதிசாரம் நம் பிடியில் உள்ள உயிரைக் குறித்தது என்றே நாம் கருதுகிறோம். கட்டுண்ட பசுவுக்கு வேறு தொட்டி இல்லை. மைனாவோ விரும்பிய திசையில் பறப்பது. மரப்பொந்தையும் சுவர்த்துளையையும் தேடிக்கொள்ள வல்லது. கூடு கட்டுமுன் வாயில் சிறுத்திருப்பதால் அதற்கு ஊறு இல்லை. முட்டையிட்டபின் கலைக்கப்படும் கூட்டிலோ, எங்கும் செல்ல இயலாத உயிர்கள் உள்ளன. அது ஹிம்சையே.

மைனாவுக்கு வேறிடம் உண்டு என்னும் நம் வாதமும், அவ்விடம் உள்ளவரைதான் செல்லும். பொந்துள்ள பழைய வேம்பை வெட்டி விற்றுவிட்டு, ‘அது வேறெங்காவது போகட்டும்’ என்பது வெறும் சொல்லளவு அறமே.

செய்யத்தக்கது எளிது. குருவிப் பெட்டியின் வாயில் 32 மில்லிமீட்டர், ஏறத்தாழ ஒன்றேகால் அங்குலம், இருந்தால் குருவி நுழையும், மைனா நுழையாது. வாயிலின் கீழே உட்காரும் குச்சி வேண்டா. பூனைக்கு எட்டாத நிழலிடத்தில் மாட்டுக. அகன்ற வாயிலுடைய பெட்டியில் மைனா ஏற்கெனவே முட்டையிட்டிருந்தால், குஞ்சுகள் பறந்து செல்லும்வரை சில வாரம் பொறுத்து, அதன்பின் வாயிலைச் சுருக்குக. அப்பருவம் குருவிக்குப் பயன்படாமற் போகலாம். அவ்விழப்பை ஏற்கத்தான் வேண்டும். வாயிலை அகலமாக வைத்தவர் மனிதர். அதற்காக மைனாக் குஞ்சு உயிரிழப்பது முறையன்று.

இயலுமாயின் மைனாவுக்கென அகன்ற வாயிலுடைய பெட்டியொன்றையும் சற்றுத் தள்ளி அமைப்பது சிறப்பு. இல்லத்துப் பிள்ளைகளை அருகே இருத்தி, இரு பெட்டிகளின் வாயிலும் ஏன் வேறுபடுகின்றன என்பதைச் சொல்லிச் செய்யின், அணுவிரதத்தை அவர்கள் கண்முன்னே கற்பர்.