எது ஒரிஜினல்?

கொழும்பு பஞ்சிகாவத்தையின் உதிரிப்பாகக் கடைகளில் நாள்தோறும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டென்றால் அது, "நானா, இது ஒரிஜினலா?" என்பதுதான். பிரேக் லைனிங் வாங்குபவரும் கேட்கிறார். ஹெட்லைட் வாங்குபவரும் கேட்கிறார். எத்தனை நாளைக்கு உழைக்கும், இடைவழியில் கைவிட்டுவிடுமா என்ற கவலையே அவர்களது கேள்விக்குள் இருக்கிறது. ஆனால் ஐம்பது, அறுபது வருடப் பழைமையுள்ள காரொன்றின் உட்புறத்துக்கு ஒரு கைப்பிடியையோ கதவுப் பலகையையோ தேடி வருபவர் அதே சொற்களால் கேட்கும்போது, அது வேறொரு கேள்வியாகிவிடுகிறது. தரத்தைக் கடந்து உண்மையைப் பற்றி அவர் விசாரிக்கிறார். அறம் சார்ந்த இந்த இரண்டாவது கேள்வியைச் சற்று ஆராய்ந்து பார்ப்பது பயனுடையது.

நமக்குப் பழக்கமான மொரிஸ் மைனரையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம். அலெக் இஸிகோனிஸ் வடிவமைத்த இக்கார் 1948இல் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் அறிமுகமானது. 1970களின் தொடக்கத்தில் உற்பத்தி நிற்கும்வரை ஏறத்தாழ 16 இலட்சம் கார்கள் வெளிவந்தன. இலங்கையின் நடுத்தர வர்க்கத்து வீட்டு முற்றங்களில் அது ஒரு குடும்ப அங்கத்தவர் போலவே நின்றது. 1960களில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் கார் இறக்குமதி இறுக்கமாகக் கட்டுப்படுத்தப்பட்டது. இருந்த வண்டியையே ஓட்ட வேண்டிய நிலையில் நமது கராஜ் பாஸ்மார் அதன் ஒவ்வொரு திருகாணியையும் மனப்பாடமாக அறிந்துகொண்டார்கள். 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டு ஜப்பானியக் கார்கள் வந்திறங்கிய பின்னரும் மைனர் முற்றாக மறைந்துவிடவில்லை. அன்று வேறு வழியின்மையால் காப்பாற்றப்பட்டது இன்று விருப்பத்தினால் காப்பாற்றப்படுகிறது. விருப்பம் வந்த பிறகுதான் ஒரிஜினல் என்ற பேச்சும் வலுத்தது.

எஞ்சினுக்குள் ஒரு பிஸ்டனை மாற்றினால் எவரும் துக்கப்படுவதில்லை. டயர் தேய்ந்தால் புதிது போடுகிறோம். அவற்றின் வேலை ஓடுவது, ஓடினால் போதும். உட்புறம் அப்படியானதல்ல. டாஷ்போர்டின் நடுவே பெரிய கடிகாரம் போல் அமர்ந்திருக்கும் வேகமானி, கதவின் கைப்பிடி, இருக்கையின் தையல் வரிகள் ஆகியவைதான் மனிதக் கை பட்ட இடங்கள். அக்காரில் பள்ளிக்கூடம் போன பிள்ளைக்கு இன்று அறுபது வயது கடந்திருக்கும். அவருக்கு அந்தக் காரின் எஞ்சின் இலக்கம் நினைவில்லை. வெயிலில் சூடேறிய இருக்கையின் வாசனை நினைவிருக்கிறது.

ஆனால் முதலில் அழிவதும் உட்புறம்தான். கராஜ்களில் டோர் போர்ட் எனப்படும் கதவின் உட்பலகை, அழுத்திய அட்டைப் பலகையின்மேல் ரெக்சின் ஒட்டிச் செய்யப்படுவது. மழைக்காலத்தில் கண்ணாடியின் இறப்பர் விளிம்பால் நீர் கசிந்து கதவுக்குள் இறங்கும். பலகை கீழ் விளிம்பிலிருந்து ஊதி, பின் உக்கிப்போகும். கிளிப் மாட்டும் துளைகள் கிழிந்து, பலகை கதவை விட்டு விலகும். அப்போது அதே அளவில் புதியதொன்றைச் செய்வதைத் தவிர வேறு வழியில்லை. குசன் பாஸ் பழைய பலகையையே மாதிரியாக வைத்துக் கோடு கீறி, ஹார்ட்போர்டை வெட்டி, துளையிட்டு, ரெக்சினை இழுத்து ஒட்டுவார். கைப்பிடி உடைந்திருந்தால் சிலிக்கன் அச்செடுத்து ரெசின் ஊற்றலாம். இன்று முப்பரிமாண அச்சுப்பொறியிலும் வார்த்தெடுக்கலாம்.

இவ்வளவும் கைத்திறன். கேள்வி எழுவது நிறத்தில். புதிய ரெக்சினை எந்த நிறத்தில் தேர்வது? பலகையின் வெளிப்புறம் வெயில் பட்டு வெளிறியிருக்கும். அனுபவமுள்ள பாஸ் அதைப் பார்த்து முடிவெடுப்பதில்லை. பலகையைக் கழற்றி, விளிம்பில் உட்பக்கமாக மடித்து ஒட்டிய ரெக்சினைப் பிரித்துப் பார்ப்பார். வெயிலும் கையும் படாத அவ்விடத்தில் தொழிற்சாலை இட்ட நிறம் பெரிதும் கெடாமல் இருக்கும். வெளியே வெளிறிய சிவப்பு, உள்ளே கடுஞ்சிவப்பு. இவற்றில் எது அக்காரின் உண்மையான நிறம்?

கடுஞ்சிவப்பே என்பவர், பொருளின் உண்மை அது பிறந்த நாளில் இருக்கிறது என்கிறார். வெளிறிய சிவப்பே என்பவர், அது வாழ்ந்த நாட்களில் இருக்கிறது என்கிறார். இருவர் பக்கமும் நியாயம் உண்டு. ஜோன் ரஸ்கின் 1849இல் வெளியிட்ட கட்டடக்கலை நூலில், பழைய கட்டடங்களைப் புதுப்பித்தல் என்பதே பொய் என்று சாடினார். காலம் எழுதியதை அழித்துவிட்டு, தொடக்க காலத்தை நடிக்கிறோம் என்பது அவரது கோபம். ஆனால் கார் என்பது பார்த்துவிட்டுப் போகும் பாழடைந்த கோபுரமல்ல. உட்கார முடியாத கார் தன் இயல்பையே இழந்துவிடும். உக்கிய பலகையை உக்கியபடியே விடுவதும் ஒருவகையில் அதனைக் கைவிடுவதுதான். பலகை பலகையாக மாற்றப்பட்ட கப்பல் பழைய கப்பல்தானா என்று கிரேக்கர் கேட்ட பழைய வினாவும் இங்கே நினைவுக்கு வரலாம். அவ்வினா பொருளைப் பற்றியது. நாம் கவலைப்பட வேண்டியதோ அப்பொருளைக் கொடுத்து வாங்கும் மனிதர்களைப் பற்றி.

ஆகவே புதிய பலகை செய்வதில் பிழை எதுவுமில்லை. பிழை அதற்கு அடுத்த படியில் நுழைகிறது. புதிய பலகை பளபளப்பாக இருக்கிறது. அருகிலுள்ள இருக்கையோ வெளிறிக் கிடக்கிறது. இரண்டும் ஒத்துப்போக வேண்டுமென்று மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, தேயிலைச் சாயம் ஏற்றி, புதியதைப் பழையதாக்கலாம். தன் காரில் கண்ணை உறுத்தாதிருக்க ஒருவர் இதனைச் செய்தால் அது ரசனை. அறுபது வருடமாகக் கழற்றப்படாத உட்புறம் என்று சொல்லி விற்பதற்காகச் செய்தால் அது மோசடி. அதே உப்புத்தாள், அதே சாயம், அதே கை. நிய்யத் மாறியதும் செயலே மாறிவிடுகிறது. அதைவிட நுட்பமானது மூன்றாவது நிலை: பொய் எதுவும் சொல்லாமல், வாங்க வந்தவர் தாமாகவே ஒரிஜினல் என்று நினைத்துக்கொள்வதைப் பார்த்துக்கொண்டு மௌனமாக இருப்பது. அவர் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை என்பது சந்தையில் பெரும்பாலும் செல்லுபடியாகும் வாதம். ஆனால் விலையில் ஒரு பகுதி அந்த நினைப்புக்காகவே தரப்படுகிறது என்றால், விற்றவர் தாம் கொடுக்காத ஒன்றுக்குக் காசு வாங்கியிருக்கிறார்.

இதற்கொரு தீர்வை உலகப் பழங்கார் சம்மேளனமான ஃபிவா 2012இல் ஏற்றுக்கொண்ட டுரின் சாசனம் தருகிறது. மாற்றப்படும் பாகங்களில் எளிய, அழியாத அடையாளமொன்றை இட்டு, பழையதிலிருந்து வேறுபடுத்தி அறியச் செய்ய வேண்டுமென அது பரிந்துரைக்கிறது. இலக்கியக்காரருக்கு இது புதிதல்ல. ஏட்டுச் சுவடியைப் பதிப்பிக்கும் நேர்மையான பதிப்பாசிரியர், செல்லரித்த இடத்தில் புள்ளியிட்டுச் செல்வார். தம் ஊகத்தைச் சேர்த்தால் அதனை அடைப்புக்குறிக்குள் வைப்பார். வாசிப்புக்கு இடையூறு என்று குறியை நீக்கிவிட்டால், அவரது ஊகம் நாளை மூலகவியின் பாடமாகிவிடும். கதவுப் பலகையின் பின்புறத்தில் இடப்படும் குறியும் அத்தகைய அடைப்புக்குறிதான்.

இந்த மௌனத்தினால் பாதிக்கப்படும் இன்னொருவரும் இருக்கிறார். இங்கிலாந்தின் பாத் நகரில் மொரிஸ் மைனர் நிலையத்தை நடத்திய சார்ள்ஸ் வெயார், புதிய கார் வாங்கிக்கொண்டே இருப்பதைவிட ஒரே காரைப் பழுதுபார்த்து நெடுங்காலம் வைத்திருப்பதே சிக்கனமானது என்று வாதிட்டு 1982இல் ஒரு நூல் வெளியிட்டார். 1990களில் அவரது கூட்டு முயற்சியால் மைனருக்கான பாகங்கள் இலங்கையில் செய்யப்பட்டு பிரித்தானியாவுக்கு அனுப்பப்பட்டன. ஆங்கிலேயரின் காருக்கு இலங்கைத் தொழிலாளியின் கையால் பாகம்! அது ஒரிஜினலா? இல்லை. மட்டமானதா? அதுவும் இல்லை. ஆனால் அப்படியொரு பாகத்தை 1959இன் ஆங்கிலேயத் தயாரிப்பு என்று எவரேனும் விற்றால், வாங்குபவரை ஏமாற்றியதோடு, செய்தவரின் உழைப்பையும் அவரிடமிருந்து பறித்துவிடுகிறார். குசன் பாஸின் தையல் எவ்வளவுக்கெவ்வளவு நேர்த்தியாக இருக்கிறதோ அவ்வளவுக்கவ்வளவு அவர் மறைந்துபோகிறார். நல்ல வேலைக்குக் கிடைக்கும் பரிசு, அதை அவர் செய்யவேயில்லை என்ற பேச்சு! ஒரிஜினல் என்ற சொல்லின் மீதான நமது மோகம் இந்த அநியாயத்துக்கும் துணைபோகிறது.

எல்லாக் கார்களும் கண்காட்சிக்குப் போவதில்லையே, ஏழைக்கு ஏன் இந்தச் சட்டங்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். உடைந்த கைப்பிடிக்குப் பதிலாக ஜப்பானிய காரொன்றின் கைப்பிடியைப் பூட்டி ஓடும் மைனர் எவரையும் ஏமாற்றவில்லை. பார்த்தவுடனே உண்மை தெரிகிறது. அவ்வகையில் அழகான பிரதியைவிட அது நேர்மையானது. முன் இருக்கைப் பட்டி 2011இல் இங்கு கட்டாயமாக்கப்பட்டபோது, அது தொழிற்சாலையில் இருந்ததா என்று பார்த்துக்கொண்டிருப்பதில் அர்த்தமில்லை. உயிர் ஒரிஜினலைவிடப் பெரியது. நேர்மை என்ற கட்டளை பணக்காரரின் பொழுதுபோக்குக்கு மட்டும் உரியதுமல்ல. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025இல் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் அனுமதி கிடைக்கும்வரையான காலத்தில், இருந்த வண்டிகளின் விலை எங்கெல்லாம் ஏறியது என்பதை நாடறியும். சேமிப்பு முழுவதையும் ஒரு பழைய வண்டியில் போட்டவருக்கு, விற்பவரின் ஒரு சொல் என்ன பெறுமதியென்று நன்கு தெரியும்.

பழுதுபார்ப்பவர் மூவருக்குக் கடன்பட்டவர். காரை முதலில் செய்தவருக்கு, அதைப் பாவித்து வெளிறச் செய்தவருக்கு, இனி அதை வாங்கப் போகிறவருக்கு. முதல் இருவரும் போய்விட்டார்கள். எந்த நிறத்தைத் தேர்ந்தாலும் அவர்களுள் ஒருவருக்குக் குறை வைத்தே ஆகவேண்டும். அதற்காக எவரும் வருந்த வேண்டியதில்லை. மூன்றாமவர் இன்னும் வந்து சேரவில்லை. தமக்காகக் கேள்வி கேட்க அவர் இங்கில்லை என்பதனாலேயே அவருக்குரிய கடன் கனமானது. அதைத் தீர்ப்பதற்குப் பெரிய செலவு எதுவும் இல்லை. புதிய பலகையைக் கதவில் அழுத்திப் பூட்டுவதற்கு முன் அதன் பின்புறத்தில் பென்சிலால் இரண்டு வரி எழுதினால் போதும்: எந்த ஆண்டில் செய்தது, யார் செய்தது.