புகை இல்லாத புகை

 

காட்டுப்பள்ளிப் பக்கம் வேலைக்கு வந்து தங்கியிருக்கும் ஒரு வாலிபர், சென்ற ரமலானில் தராவீஹ் தொழுகைக்குப் பின் நம்மிடம் கேட்டார்: "ஹஜ்ரத், சிகரெட் குடித்தால் நோன்பு முறியும். இ-சிகரெட்டில் புகையே இல்லையே, வெறும் நீராவிதானே! அதற்கும் முறியுமா?"

மஸ்அலாவை முதலில் சொல்லிவிடுவோம். அது நீராவி அல்ல. கிளிசரின் போன்ற திரவத்தில் நிகோடினையும் வாசனையையும் கலந்து, பாட்டரியால் சூடாக்கி, நுண்துளிகளாக உள்ளே இழுக்கிறார்கள். நோன்பு நினைவிருக்க வேண்டுமென்றே இழுத்தால் நோன்பு முறிந்துவிடும். களாச் செய்ய வேண்டும். கப்பாரா உண்டா என்பதை அவரவர் மத்ஹபின் ஆலிமிடம் கேட்டுக்கொள்க.

பீடி குடித்த மகனை அக்காலத் தகப்பனார் சட்டை வாடையிலேயே கண்டுபிடித்துவிடுவார். இதிலோ மாம்பழமும் புதினாவும் மணக்கின்றன. தலையணைக்கடியில் கண்டாலும், பேனா என்றெண்ணித் தாய் எடுத்து வைப்பாள். ஆனால் அடிமைப்படுத்தும் நிகோடினின் குணம் மாறவில்லை. வளரும் மூளையை அது எளிதில் பற்றிக்கொள்கிறது.

தமிழக அரசு 2018-லும் மத்திய அரசு 2019-லும் இதைத் தடை செய்தன. விற்றால் முதல் குற்றத்துக்கே ஓராண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இருந்தும் 2022 செப்டம்பரில் குஜராத்தின் முந்த்ரா துறைமுகத்தில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவை பிடிபட்டன. துறைமுகத்தை அண்டிப் பிழைக்கும் நாம் சிந்திக்க வேண்டும்: கடத்தல் சரக்கை விற்ற காசில் பரக்கத் ஏது?

தன்னைத் தானே நாசத்தில் தள்ளிக்கொள்வதைத் திருமறை (2:195) தடுக்கிறது. வாலிபத்தை எதில் கழித்தோம், பொருளை எதில் செலவிட்டோம் என்பது மறுமையில் விசாரிக்கப்படும் என நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள்.

பெற்றோர்களே! அதட்டினால் பிள்ளை இன்னும் நன்றாக ஒளிப்பான். மூக்குக்கும் கண்ணுக்கும் அகப்படாததை அல்லாஹ்வின் அச்சம் ஒன்றே தடுக்கும். அருகில் அமர்த்திப் பேசுங்கள். பகலெல்லாம் அல்லாஹ்வுக்காக விட முடிந்தவனுக்கு இரவிலும் விட முடியும் என்று தைரியம் கொடுங்கள். தேவையானால் மருத்துவரிடமும் அழைத்துச் செல்லுங்கள்.

அந்த வாலிபரிடமும் இதையே சொன்னோம். மறுநாள் வந்து, "விட்டுப் பார்க்கிறேன் ஹஜ்ரத், துஆச் செய்யுங்கள்" என்றார்.

வல்ல நாயன் அவருக்கும் நம் பிள்ளைகள் அனைவருக்கும் உறுதியைத் தந்தருள்வானாக! ஆமீன்.