கூலியாளின் காயமும் நம் அணுவிரதமும்

ஆதிநாதர் மக்களுக்குக் கற்பித்த ஆறு தொழில்களுள் உழவும் ஒன்று என்பது நாம் இளமையிலேயே கேட்டறிந்த செய்தி. ஜவ்வாது மலையடிவாரத்துச் சந்தவாசல் தொடங்கிப் போளூர், ஆரணி, வந்தவாசி வட்டாரங்களில் நம்மவர் குடும்பங்கள் பல, தலைமுறை தலைமுறையாக நிலத்தை நம்பி வாழ்ந்து வருகின்றன. உழும்போது மண்ணில் சிற்றுயிர்கள் மடிகின்றன. கொல்லும் நோக்கமின்றித் தொழில்வழி நேரும் அதனை உத்தியோகி இம்சை என்று ஆசாரியர்கள் வகுத்தனர். இல்லறத்தார் அதனை இயன்றவரை குறைத்துக்கொள்ள வேண்டும் என்பதே நெறி. மண்புழுவுக்கு இரங்கும் நாம், அதே வயலில் காயமுறும் கூலியாளுக்கு என்ன கடமைப்பட்டிருக்கிறோம் என்பதைச் சிறிது சிந்திப்போம்.

வயல்வேலையில் ஆபத்து இல்லை என்று எவரும் கூற இயலாது. கதிரடிக்கும் இயந்திரத்தில் கை சிக்குகிறது. கரும்பு வெட்டும் கத்தி காலில் பாய்கிறது. பூச்சிமருந்து தெளிப்பவர் மயங்கி விழுகிறார். வரப்பில் நடப்பவரைப் பாம்பு தீண்டுகிறது. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஆண்டுதோறும் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்தனர் என ஆய்வாளர்கள் மதிப்பிட்டுள்ளனர். அவர்களுள் பெரும்பாலோர் கிராமத்து மக்கள்.

இவ்வாறு வேலையில் காயமுறுவோரைக் காப்பது உலகிற்குப் புதிதன்று. ஜெர்மனி 1884இல் தொழிலாளர் விபத்துக் காப்பீட்டுச் சட்டம் இயற்றி, 1886இலேயே அதனை வேளாண்மைக்கும் விரிவாக்கியது. 1921இல் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு, விபத்து இழப்பீட்டுச் சட்டங்கள் விவசாயக் கூலிகள் அனைவருக்கும் பொருந்த வேண்டும் என்று ஓர் உடன்படிக்கை வகுத்தது. நம் நாட்டின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டமோ, டிராக்டர் முதலிய இயந்திரங்களைக் கொண்டு பயிரிடுவோரைத் தன் பட்டியலில் சேர்த்தது. கதிர் அரிவாளோடு குனிந்து அறுப்பவரைச் சேர்க்கவில்லை. ஒரே வயலில் இருவர் காயமுற்றால், ஒருவருக்கு உரிமை உண்டு, மற்றவருக்கு இல்லை. 1948ஆம் ஆண்டு தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டமும் ஆலைகளை நோக்கியே எழுந்தது.

தமிழக அரசின் உழவர் பாதுகாப்புத் திட்டம் விவசாயத் தொழிலாளருக்கும் விபத்து உதவி வழங்குகிறது என்பதை நன்றியோடு குறிப்பிட வேண்டும். 2015இல் நடுவணரசு தொடங்கிய பிரதமர் சுரக்ஷா பீமா திட்டத்தில், ஆண்டுக்கு 20 ரூபாய் செலுத்துவோர் விபத்தில் இறந்தால் குடும்பத்தார்க்கு 2 இலட்சம் ரூபாயும், ஒரு கண்ணோ, ஒரு கையோ, ஒரு காலோ பயனற்றுப்போனால் அவருக்கு 1 இலட்சம் ரூபாயும் கிடைக்கும். எனினும் விரல் துண்டானால் அத்திட்டத்தில் ஒன்றுமில்லை. காயம் ஆறும்வரை வேலையிழந்த நாட்களுக்குக் கூலியும் இல்லை. 1923ஆம் ஆண்டுச் சட்டமோ தன் பட்டியலில் உள்ளவருக்கு அந்நாட்களில் பாதி ஊதியம் தரச் செய்தது.

"அவரவர் வினை அவரவரை அடைகிறது, நாம் என் செய்வோம்?" என்று சிலர் கேட்கலாம். வினைக்கொள்கை நமது கொள்கையே. ஆயின் அது என் செயலை நான் ஆராய்வதற்குத் தரப்பட்ட விளக்கேயன்றி, பிறர் துன்பத்தைக் காணாதிருக்கத் தரப்பட்ட திரையன்று. கூலியாள் காயமுற்றது அவர் வினை என்றால், அதைக் கண்டும் வாளாவிருப்பது என் வினை ஆகாதோ?

கொல்லாமை அணுவிரதத்திற்கு ஐந்து அதிசாரங்கள் கூறப்பட்டுள்ளன: கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், மிகையான பாரம் ஏற்றுதல், உணவும் நீரும் தடுத்தல். இவற்றை மாடுகளுக்கு மட்டும் உரியனவாகக் கருதி, நுகத்தடியைப் பார்த்துவிட்டு நம் கடமை முடிந்தது என்று இருந்துவிடுகிறோம். விளைச்சல் நம் களஞ்சியத்தைச் சேர, அதனால் வந்த காயத்தின் சுமை முழுவதையும் அதனைத் தாங்க வலிமையற்றவர் தலையில் விடுவது மிகையான பாரம் ஏற்றுதலே அன்றோ? வேலைக்கு வர இயலாத நாட்களில் அவர் வீட்டில் அடுப்பு எரியாதிருந்தால், உணவு தடுத்த குற்றத்தில் நமக்குப் பங்கில்லையா?

நம்முள் பலர் இத்தகைய வேளையில் கைப்பொருள் கொடுத்து உதவுகின்றனர். அது போற்றத்தக்கதே. ஆனால் தானம் கொடுப்பவர் மனத்தைப் பொறுத்தது. பெறுபவர் கைகட்டி நிற்க வேண்டும். காப்பீடு அவருக்கு உரிமையாக வருவது. நாற்று நட்டதற்குரிய கூலியை நாம் தானம் என்று சொல்வதில்லை. நட்ட கைக்கு நேர்ந்த காயத்தையும் அக்கணக்கிலேயே சேர்த்தல் நேர்மை.

சிறு விவசாயிக்கே ஆதாயமில்லாத காலத்தில் இச்செலவை அவர் தாங்குவாரா என்பது நியாயமான கேள்வி. கூலியாளும் இன்று ஒருவர் நிலத்தில், நாளை வேறொருவர் நிலத்தில் வேலை செய்கிறார். ஆகவேதான் தனியொருவர் தலையில் சுமத்தாமல், நிலமுடையோர் அனைவரும் நிலத்தின் அளவுக்கேற்பச் சிறுதொகை செலுத்த, அரசும் பங்கேற்கும் பொதுக் காப்பீடு வேண்டும் என்கிறோம். பலர் சேர்ந்து தூக்கினால் எந்தச் சுமையும் மிகையன்று.

அத்தகைய சட்டம் வரும்வரை நாம் செய்யத்தக்கன உள. நம் வயலில் வேலை செய்யும் 18 முதல் 70 வயதுக்குட்பட்டோர் வங்கிக் கணக்கின் வழி அந்த 20 ரூபாய்த் திட்டத்தில் சேர்ந்துள்ளனரா என்று கேட்டறிவோம். இருபது பேருக்கு ஆண்டுக்கு 400 ரூபாய். அதனை நாமே கொடுப்போம். கதிரடிக்கும் இயந்திரத்திற்குத் தடுப்பு இல்லாவிடில் அதனை ஓட்டவேண்டாம் என்போம். மருந்து தெளிப்பவருக்குக் கையுறையும் முகக்கவசமும் வாங்கி வைப்போம். காயமுற்றவருக்கு ஆறும்வரை பாதிக் கூலியேனும் கொடுப்பதை வழக்கமாக்குவோம். நம் இல்லத்துப் பெண்கள்தாம் பல வீடுகளில் கூலிக்கணக்கு எழுதுகின்றனர். அந்தக் கணக்கேட்டில் இதற்கென ஒரு பத்தி சேர்ப்பது அவர்களால் இன்றே இயலும்.