இலையைத் திருப்பிப் பாருங்கள்!



இந்த மாதம் ஒரு செடியைக் கொண்டு ஆண்டவர் என்னோடு பேசினார். சபையின் புதிய சுற்றுச்சுவர் ஓரமாக நம் வாலிபர்கள் 11 இட்லிப்பூச் செடிகளை நட்டது உங்களுக்குத் தெரியும். நாலு மாதத்துக்குள் இலைகள் மஞ்சளாயின. "தண்ணீர் போதவில்லை" என்று நானே தீர்ப்புச் சொல்லி, காலையும் மாலையும் குடம் குடமாக ஊற்றினேன். மஞ்சள் மாறவில்லை. "அப்போ சத்து இல்லை" என்று யூரியாவை அள்ளிப் போட்டேன். இலை ஓரமெல்லாம் கருகிப்போயிற்று! "சரி, இது பூச்சிதான்" என்று கடையில் ஒரு மருந்தை வாங்கி அடித்தேன். பூச்சியே இல்லாத செடிக்குப் பூச்சிமருந்து! மூன்று செடிகள் பட்டுப்போயின.

ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்தபின், தோட்டவேலை செய்தே பிள்ளைகளை ஆளாக்கின நம் சபைத் தாயார் ஒருவர் வந்து நின்றார்.

"பாஸ்டர், மருந்து அடிச்சீங்களே, இலையைத் திருப்பிப் பாத்தீங்களா?"

"இல்லம்மா."

"எந்த இலை முதல்ல மஞ்சளாச்சு? கொழுந்தா, அடி இலையா?"

அதையும் நான் கவனிக்கவில்லை. பிரியமானவர்களே, எனக்கு வெட்கமாயிருந்தது!

அம்மா தரையில் உட்கார்ந்து, வேதபாடம் நடத்துவதுபோல் சொல்லிக் கொடுத்தார்கள். அடி இலை முதலில் முழுவதும் வெளிறினால் தழைச்சத்துக் குறைவு. கொழுந்து மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புச்சத்துக் குறைவு. ஓரம் கருகினால் மண்ணில் உப்பு ஏறியிருக்கலாம், உரம் அதிகமாகியிருக்கலாம். ஓட்டை விழுந்தால் புழு. பகலில் தென்படாவிட்டால் ராத்திரி டார்ச் அடித்துத் தேட வேண்டும். இலை சுருண்டு, அடியில் வெள்ளைப் பஞ்சுபோல் ஒட்டியிருந்தால் மாவுப்பூச்சி. எறும்பு சாரை சாரையாக ஏறினால் அங்கே தேடுங்கள். அந்தப் பூச்சி விடும் தேன்போன்ற கழிவுக்காகத்தான் எறும்பு அதைக் காவல் காக்கிறது.

நம் செடியில் கொழுந்துதான் மஞ்சள். நரம்பு பச்சை. அம்மா சுவரோரம் மண்ணைக் கிளறினார்கள். சுண்ணாம்பும் சிமெண்ட் கட்டியும் உடைந்த செங்கலும் குவியலாக வந்தது!

"மண்ணுல இரும்பு இருக்கு பாஸ்டர். இந்தச் சுண்ணாம்பு இருக்கிற வரைக்கும் வேரால அதை எடுக்க முடியாது."

தேவ ஜனமே, அந்த ஒரு வார்த்தை என்னை உடைத்தது!

நம் சபையில் ஒரு சகோதரன். அவருடைய சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். முன்வரிசையில் உட்கார்ந்து பாடினவர், கொஞ்சம் கொஞ்சமாகப் பின்வரிசைக்குப் போனார். பிறகு வருவதையே நிறுத்திவிட்டார். நான் என்ன செய்தேன்? பின்மாற்றம் என்று தீர்மானித்தேன். பிரசங்கத்தில் ஜாடையாகக் கடிந்துகொண்டேன். ஜெபக்கூட்டத்தில் அவர் பேரைச் சொல்லியே ஜெபித்தேன். ஒருநாளாவது அவர் வீட்டுக்குப் போய் உட்கார்ந்தேனா? இல்லை!

அன்று சாயங்காலமே போனேன். ஒரு மணி நேரம் கழித்துத்தான் வாயைத் திறந்தார். சுற்றுச்சுவர் கட்ட காணிக்கை கொடுத்தவர்களின் பேரையும் தொகையையும் நான் ஆராதனையில் வாசித்தேனே, அந்த மாதம் அவர் மனைவி ஆஸ்பத்திரியில் இருந்தார்கள். கையில் காசில்லை. பட்டியலில் பேரில்லை. பிள்ளைகள் அப்பாவின் முகத்தைப் பார்த்தார்களாம். அதன்பின் எந்தப் பிரசங்கமும் அவர் உள்ளே இறங்கவில்லை.

அந்தச் சுவரைக் கட்டிய கொத்தனார் மட்டுமா இடிசலை வேரில் விட்டுப் போனார்? நானும்தான்!

லூக்கா 13-ஆம் அதிகாரத்தில் கனி கொடாத அத்திமரத்தை நினைத்துப் பாருங்கள். எஜமான் வெட்டச் சொன்னபோது தோட்டக்காரன் ஒரு வருஷம் தவணை கேட்டான். அவன் இலையைத் திட்டவில்லை. வேரண்டையில் குனிந்து வேலை செய்ய ஒப்புக்கொண்டான்.

பிரியமானவர்களே, கண்மூடித்தனமாக அடிக்கிற மருந்து நோயைவிட மோசம். 2008-ல் கோயம்புத்தூரில் பப்பாளி மாவுப்பூச்சி தென்பட்டு, பப்பாளி, மரவள்ளி, மல்பெரி, வீட்டுச் செம்பருத்தி என்று பரவிற்று. மேலே மெழுகுப் பூச்சு இருப்பதால் மருந்து எளிதில் உள்ளே இறங்காது. 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து கொண்டுவந்த மிகச்சிறிய ஒட்டுண்ணிக் குளவிகளை விட்டபிறகே அது அடங்கிற்று. கடுமையான விஷத்தை அடித்தால் உதவிக்கு வந்த குளவியும் சாகும். கடுமையான வார்த்தையும் அப்படித்தான்!

இப்போது நாங்கள் செய்தது இதுதான். வேர் அறுபடாமல் இடிசலை அகற்றி, மக்கின எருவும் நல்ல மண்ணும் போட்டோம். ஒரு லிட்டர் தண்ணீரில் 5 கிராம் அன்னபேதி உப்பைக் கரைத்து, சில சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டு, வெயில் தணிந்தபின் இலையில் தெளித்தோம்; இரண்டு வாரம் கழித்து மறுபடியும். யூரியாவை நிறுத்தினோம். உங்கள் வீட்டுச் செம்பருத்தியில் மாவுப்பூச்சி இருந்தால், மிகவும் கெட்ட நுனியை வெட்டி எரித்துவிட்டு, தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடியுங்கள். பிறகு லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைக் கொஞ்சம் சோப்புக் கரைசலோடு கலந்து, இலையின் அடிப்பக்கம் நனையச் சாயங்காலத்தில் தெளியுங்கள்.

அம்மா கடைசியாகச் சொன்னதை மறக்கவேண்டாம்: "கருகின இலை திரும்பப் பச்சையாகாது பாஸ்டர். புதுத்துளிரைப் பாருங்க."

எட்டுச் செடிகளில் பச்சைத் துளிர் வந்திருக்கிறது. ஸ்தோத்திரம்! சென்ற ஞாயிறு அந்தச் சகோதரனும் குடும்பமாய் வந்தார், கடைசி வரிசையில் உட்கார்ந்தார். நான் சபை முன்பாக என் தவறை அறிக்கையிட்டேன். இனி நம் சபையில் காணிக்கைப் பட்டியல் வாசிக்கப்படாது.

உங்கள் வீட்டில் வாடிப்போயிருப்பது யார்? பேசாத மகனா, முகம் சுருங்கின மனைவியா, கோபப்படுகிற தகப்பனா? மருந்தை எடுக்குமுன் இந்த வாரம் பக்கத்தில் உட்காருங்கள். இலையைத் திருப்பிப் பாருங்கள், வேரைக் கிளறிப் பாருங்கள். அங்கே நாம் விட்டுப்போன இடிசல் இருந்தால், நம் கையாலேயே அதை அள்ளிப்போட கர்த்தர் நமக்குக் கிருபை தருவாராக. ஆமென்!