பிரம்பும் மதிப்பும்

"மாதா, பிதா, குரு, தெய்வம்" என்ற வரிசையிலே ஆசிரியரைத் தெய்வத்துக்கு முன் வைத்துப் போற்றியது நமது சமூகம். அதே சமூகந்தான் "அடியாத மாடு படியாது" என்று சொல்லிப் பிரம்பையும் அவர் கையிலே கொடுத்தது. இன்று சட்டம் அந்தப் பிரம்பை வாங்கிவிட்டது. அதனோடு ஆசிரியரின் மதிப்பும் போய்விட்டதா என்பதே பலரது மனத்திலும் எழும் வினாவாகும்.

இலங்கை 1991இல் சிறுவர் உரிமைகள் சமவாயத்தை ஏற்றுக்கொண்டது. 2005இல் கல்வி அமைச்சு தனது 17ஆம் இலக்கச் சுற்றுநிருபத்தின் மூலம் பாடசாலைகளில் உடல்ரீதியான தண்டனையைத் தடைசெய்தது. ஆசிரியர் அறைந்ததால் மாணவனொருவனின் செவிப்புலன் பாதிக்கப்பட்ட வழக்கிலே, அது அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரையை மீறிய செயலென 2021இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரசு 500,000 ரூபாவும் ஆசிரியர் 150,000 ரூபாவும் இழப்பீடு செலுத்த வேண்டுமெனவும் கட்டளையிட்டது.

"ஓர் அடி அடித்தால் என்ன குறைந்துவிடும்?" எனக் கேட்போருக்கு அந்தச் சிறுவனின் காதே விடை. கோபத்தில் ஓங்கும் கைக்கு அளவு தெரியாது. மாடு பழகுவது அடிக்குப் பயந்து; பிள்ளை திருந்த வேண்டியது தன் பிழையை உணர்ந்து. பயத்தால் அடங்கிய பிள்ளை ஆசிரியரின் தலை மறைந்ததும் பழையபடியே நடக்கும்.

ஆயினும் ஆசிரியர் பக்கத்து நியாயத்தையும் புறக்கணித்தல் தகாது. கண்டித்தாலே முறைப்பாடு வருமென அஞ்சி, "நமக்கேன் வீண் வம்பு" என்று பாடத்தை மட்டும் படிப்பித்துவிட்டு ஒதுங்குவோரும் உளர். இதுவும் பிள்ளைக்குச் செய்யும் தீங்கே. சட்டம் தடுத்தது அடியை; கண்டிப்பை அன்று. செய்யாத பயிற்சியைத் திரும்பச் செய்விக்கலாம். தனியே அழைத்துக் காரணம் கேட்கலாம். பெற்றோரைக் கூப்பிட்டுப் பேசலாம். இவற்றுக்கு நேரமும் பொறுமையும் வேண்டும். நாற்பது பிள்ளைகளை ஒருவரே பார்க்கும் வகுப்பில் அது எளிதன்று என்பதைப் பிரம்பை வாங்கியவர்களும் உணர வேண்டும்.

பழைய ஆசிரியர்களின் மதிப்பு பிரம்பினால் மட்டும் வந்ததன்று. நல்லாசிரியர்கள் பிள்ளையின் வீட்டு நிலைமையை அறிந்திருந்தார்கள். வராத பிள்ளையைத் தேடிப் படலையடிக்குப் போனார்கள். அந்த உறவை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை.

பெற்றோருக்கும் கடமையுண்டு. ஆசிரியர் அடித்தால் முறையிடத்தான் வேண்டும். ஆனால் நியாயமான கண்டிப்புக்காகப் பிள்ளை கேட்கும்படி ஆசிரியரை இழித்துப் பேசுதல், தம் பிள்ளையின் கல்வியின் வேரிலே வெந்நீர் ஊற்றுவதாகும். ஆசிரியர் கையை அடக்கி, பெற்றோர் நாவை அடக்கினால், அவர்களைப் பார்த்தே பிள்ளை அடக்கம் பழகும்.